துள்ளிய மீற்றரும் நான் வாசிக்காத குறிப்புகளும்

எரிபொருள் வரிசைகள் ஓய்ந்து, கொழும்பு வீதிகளில் வாகனங்கள் பழையபடி ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் வீடு வெள்ளவத்தையில். தொழிற்சாலைகளுக்கு அளவுக் கருவிகளை விற்று, அவற்றைப் பழுதுபார்த்தும் கொடுக்கும் சிறிய கொம்பனி ஒன்றில் சர்வீஸ் எஞ்சினியராக ஆறு வருடம் வேலை செய்திருந்தேன். கிராண்ட்பாஸைத் தாண்டி, களனி கங்கைப் பக்கமாக இருந்த ஒரு பழச்சாற்றுத் தொழிற்சாலையிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. அவர்களுடைய ஃப்ளோ மீற்றர் ஒரு நிலையில் நிற்காமல் துள்ளுகிறதாம்.

ஃப்ளோ மீற்றர் என்றால் பெரிய விஷயமில்லை. குழாய்க்குள் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று காட்டும் கருவி. அந்த இடத்தில் அது சாறு கலக்கும் தாங்கிக்குப் போகும் தண்ணீரை அளந்தது. குறித்த அளவு போய்விட்டது என்று அது காட்டியதும் தண்ணீர் தானாக நின்றுவிடும். உள்ளதை விடக் கூட்டிக் காட்டினால் தண்ணீர் போதாமல் பானம் தடிக்கும். குறைத்துக் காட்டினால் தண்ணீர் கூடிப்போய் ருசி கெடும். இரண்டு மாதத்துக்குள் மூன்று தடவை முழுத் தாங்கியையும் வடிகாலில் ஊற்றியிருந்தார்கள்.

அன்று எனக்கு மனம் வேலையில் இல்லை. வெளிநாடு போக விசாவுக்கு விண்ணப்பித்திருந்தேன். பின்னேரம் இரண்டு மணிக்குக் கைரேகை கொடுக்கப் போகவேண்டும். தொழிற்சாலை வாசலில் நின்றபடி அம்மாவுக்குப் போன் எடுத்து, "ஓம் அம்மா, ஒரு மணிக்குள்ள முடிச்சிடுவன், நீங்கள் பைலை மட்டும் எடுத்து வையுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

மீற்றரின் பக்கத்தில் ஒரு பெண் நின்றார். நாற்பது வயதிருக்கும். நீல மேலங்கி, தலையில் வலைத்தொப்பி, நெற்றியில் சிறிய பொட்டு. மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் தங்கிவிட்ட குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது. அந்த மீற்றரைப் பார்த்து வால்வைத் திருப்பி ஓட்டத்தைச் சரிசெய்வதும், மணிக்கு ஒரு தடவை எண்ணைப் பதிவேட்டில் எழுதுவதும் அவருடைய வேலை. நான் வாசலில் தமிழ் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் மலர்ந்து போயிருந்தது.

இப்போது அவரை அக்கா என்று எழுதத் தோன்றுகிறது. அன்று அப்படிக் கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

"சேர், நீங்க தமிழ் ஆளா?" என்று கேட்டார்.

பக்கத்தில் முகாமையாளரும் மேற்பார்வையாளரும் நின்றார்கள். இருவரும் சிங்களவர். நான் சிங்களத்தில், "சொல்லுங்கள், என்ன பிரச்சினை?" என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இரண்டு தமிழர் ஒதுங்கி நின்று கதைப்பதாக அவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். அதை வெளியில் சொல்லலாம். மற்றக் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கழுத்துப்பட்டியும் கையில் மடிக்கணினியுமாக வந்த எஞ்சினியர் நான். வால்வு திருப்புகிற அந்தப் பெண்ணும் நானும் ஒரே வகை ஆட்கள் என்று அந்த முகாமையாளர் நினைப்பதை நான் விரும்பவில்லை.

அவருடைய முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் தமிழிலேயே சொன்னார்.

"இது எப்பவும் துள்ளாதுங்க சேர். அந்தச் சுவத்துக்கு அங்கிட்டுப் போத்தல் கழுவுற மெசின் ஒண்ணு இருக்கு. அது ஓடுறப்ப மட்டுந்தான் துள்ளுது. இப்ப சாப்பாட்டு நேரம்னு நிப்பாட்டி வச்சிருக்காங்க. அத ஒருக்கா ஓட விட்டுப் பாருங்க சேர்."

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

"ஏதோ மெசின் என்கிறாள்" என்றேன் நான், சிங்களத்தில். அவ்வளவுதான் மொழிபெயர்த்தேன்.

போத்தல் கழுவும் இயந்திரத்துக்கும் இந்தக் குழாய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதன் தண்ணீர் வேறு, குழாய் வேறு. படிக்காத ஆள் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது என்று நினைத்தேன். மடிக்கணினியை இணைத்துக் கருவியைச் சோதித்தேன். எல்லாம் சரியென்று காட்டியது. குழாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு வால்வை மூடினேன். எண் பூச்சியத்தில் அசையாமல் நின்றது. தண்ணீரை ஓடவிட்டுத் தாங்கியில் அளந்து பார்த்தேன். மீற்றர் சொன்னதும் தாங்கியில் இருந்ததும் ஒன்றாக இருந்தன.

மேற்பார்வையாளர் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார். நிமிடத்துக்கு நாற்பது லீற்றரில் நிற்கவேண்டிய எண்கள் தாறுமாறாகக் கிடந்தன. நாற்பது, அறுபத்தைந்து, இருபத்திரண்டு, நாற்பது. கடைசிப் பத்தி குறிப்பு எழுதுவதற்கு. அதில் நெருக்கமாகத் தமிழில் ஏதோ எழுதியிருந்தது.

"இது என்னவென்று எங்களுக்குத் தெரியாது. கோயில் மந்திரம் போல" என்று சொல்லி மேற்பார்வையாளர் சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

அந்த அறையில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். எழுதியவர் ஒருவர், மற்றது நான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டே முக்கால்.

அங்கேயே அறிக்கையைத் தட்டச்சு செய்தேன். மீற்றர் சரியாக இயங்குகிறது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமல் இன்னொரு வரியைச் சேர்த்தேன். எண்களின் ஏற்றத்தாழ்வுக்கு, இயக்குபவரின் கவனக்குறைவோ பிழையான பதிவோ காரணமாக இருக்கலாம் என்ற வரி. அறிக்கை முழுமையாகத் தெரியவேண்டும் என்பதற்காக எழுதிய வரி அது. கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

வெளியேறும்போது அந்த அக்கா மீற்றரின் பக்கத்திலேயே நின்றிருந்தார். "சரியாயிருச்சா சேர்?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். வெளியே வந்து முச்சக்கரவண்டியில் ஏறும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இயந்திரம் இரைந்து கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது.

கைரேகையை நேரத்துக்குக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் விசா மறுக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையை நான் நினைக்கவே இல்லை.

முதல் தடவை போய் எட்டு மாதத்துக்குப் பிறகு அங்கிருந்து மறுபடி அழைப்பு வந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பிய பானம் தரமில்லையென்று முழுவதும் திரும்பி வந்துவிட்டதாம். முகாமையாளரின் குரலில் கோபம் இருந்தது. இந்த முறை காலை ஒன்பது மணிக்கே போனேன். தொழிற்சாலை முழு வீச்சில் ஓடிக்கொண்டிருந்தது.

மீற்றர் என் கண்முன்னாலேயே துள்ளியது. நாற்பது, எழுபது, பதினெட்டு, ஐம்பத்திரண்டு. ஆறு வருட அனுபவத்தில் அவ்வளவு மோசமான துள்ளலை நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் வேறு ஆள் நின்றார். ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களவர், வெற்றிலை வாய். பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும், எல்லா மணிக்கும், நாற்பது என்றே எழுதியிருந்தது. அழகான எழுத்து.

"இவ்வளவு துள்ளுகிறது, நீங்கள் நாற்பது என்றே எழுதியிருக்கிறீர்களே?" என்று கேட்டேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாத்தயா, எனக்கு முன்னம் ஒரு தமிழ்ப் பெண் இருந்தா. அவ மீற்றர் காட்டினதைக் காட்டினபடி எழுதினா. வீட்டுக்கு அனுப்பிப்போட்டார்கள். நான் நாற்பது என்று எழுதுகிறேன். யாரும் ஒன்றும் கேட்பதில்லை."

"எப்போது அனுப்பினார்கள்?"

"யாரோ ஒரு எஞ்சினியர் வந்து மீற்றர் நல்லம் என்று எழுதிக் கொடுத்தாராம். அந்தக் கிழமையே."

அந்த எஞ்சினியர் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மடிக்கணினிப் பையைக் கீழே வைத்தேன்.

பிறகு மேற்பார்வையாளரிடம் போய், போத்தல் கழுவும் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டு நிறுத்தினார். எண் நாற்பதில் நின்றது. ஓடவிடச் சொன்னேன். துள்ளியது. நிறுத்தினார். நின்றது.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கால் மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. எனது முதல் வருகைக்கு இரண்டு மாதம் முன்னர் அந்த இயந்திரத்துக்கு, மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் புதிய பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதிலிருந்து போகும் தடித்த மின்வயரை, மீற்றரின் மெல்லிய சிக்னல் வயர் கிடந்த அதே தட்டில், அதை ஒட்டிக் கிடத்திவிட்டார்கள். ரேடியோவுக்குப் பக்கத்தில் கிரைண்டரைப் போட்டால் ரேடியோ கரகரக்கும் அல்லவா, அதே கதைதான். தண்ணீருக்கும் தண்ணீருக்கும் தொடர்பில்லை என்று நான் முடிவுகட்டிய இடத்தில், வயருக்கும் வயருக்கும் தொடர்பு இருந்தது. என்னிடமிருந்த வேறொரு வயரைத் தரையில் தள்ளிக் கிடத்தி மீற்றருக்கு இணைத்தேன். இயந்திரம் இரைந்து ஓட, எண் ஆடாமல் அசையாமல் நாற்பதில் நின்றது.

எப்போதிருந்து துள்ளியது என்று அறிக்கையில் எழுதவேண்டும் என்று சொல்லிப் பழைய பதிவேட்டைக் கேட்டேன். அது பாதி உண்மை. களஞ்சியத்திலிருந்து தூசியோடு கொண்டுவந்து தந்தார்கள். ஒரு மூலையில் உட்கார்ந்து, அந்தக் கடைசிப் பத்தியை வாசித்தேன்.

"போத்தல் மெசின் ஓடுது. நம்பர் துள்ளுது."

"மெசின் நிப்பாட்டி. நம்பர் சரி."

"மெசின் ஓடுது. துள்ளுது. தாங்கிய கம்பு விட்டு அளந்தேன். நாப்பதுதான் போகுது."

இரண்டு மாதம், ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணியும். ஒரு நல்ல எஞ்சினியர் எப்படிப் பிழையைத் தேடுவாரோ அப்படி. எது மாறும்போது எது மாறுகிறது என்று பார்த்து, தானே கம்பு விட்டு அளந்தும் சரிபார்த்து, நேரம் போட்டு எழுதியிருந்தார். எங்கள் கொம்பனியில் சம்பளம் வாங்கும் யாரும் அவ்வளவு ஒழுங்காக எழுதியதை நான் கண்டதில்லை.

நான் வந்த நாளின் பக்கமும் இருந்தது.

"மீட்டர் பாக்குற சேர் வந்தாரு. மெசின் நிப்பாட்டி இருந்திச்சி. சொன்னேன்."

அதற்குக் கீழே, ஒரு மணிக்கு: "மெசின் ஓடுது. துள்ளுது."

அதற்குப் பிறகு இரண்டு நாள் பதிவு. பின்னர் வேறு கையெழுத்து, எல்லாம் நாற்பது.

முகாமையாளரிடம் போனேன். என் முதல் அறிக்கை பிழை என்றும், அந்தப் பெண் எழுதியது அத்தனையும் சரி என்றும் சொன்னேன். பதிவேட்டை விரித்து ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் வாசித்தும் காட்டினேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அன்றைக்கு நீங்கள் இதை எங்களுக்கு வாசித்துச் சொல்லவில்லையே?"

நான் பதிவேட்டை மூடினேன்.

"முடிந்துபோன விஷயம். இனி அதைக் கிளறினால் எல்லோருக்கும் கரைச்சல். மீற்றரைச் சரியாக்கிக் கொடுங்கள், போதும்" என்றார்.

எங்கள் முதலாளி இன்னும் சுலபமாக முடித்துவிட்டார். அவரும் வெள்ளவத்தைக்காரர், அப்பாவுக்குத் தெரிந்தவர். "தம்பி, நீர் எழுதினதில என்ன பிழை? மீற்றர் நல்லம் எண்டுதானே எழுதினனீர்? மீற்றர் நல்லம்தானே! வயர்தானே பிழை. நாங்கள் பிழை விட்டம் எண்டு எழுதிக் குடுத்தால், திரும்பி வந்த சரக்குக்கெல்லாம் எங்களைத்தான் பிடிப்பாங்கள்" என்றார். பிழையை ஒப்புக்கொண்டு நான் எழுதிய இரண்டாவது அறிக்கையை வாங்கித் தானே திருத்தினார். "முன்னெச்சரிக்கையாக வயர் இடம் மாற்றப்பட்டது." ஒரே வரி. அதிலும் நான்தான் கையெழுத்து வைத்தேன். இரண்டாவது தடவையும் வைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அந்த வெற்றிலை வாய்க்காரரிடம் கேட்டு, அக்கா மட்டக்குளியில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் எடுத்துப் போனேன். அங்கே அவருடைய மகள், அம்மா கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண மண்டபத்தில் வேலை செய்கிறார் என்றாள்.

மண்டபத்தின் பின்பக்கம் போனேன். உள்ளே நாதஸ்வரம் கேட்டது. அக்கா தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்து, சோறு வடிக்கும் பெரிய கிடாரம் ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். எழும்பவில்லை.

"அக்கா" என்றேன்.

"தமிழ் வருமா சேருக்கு?" என்று கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வயரைச் சொன்னேன். பதிவேட்டை வாசித்ததைச் சொன்னேன். நீங்கள் எழுதியது முழுவதும் சரி, பிழை என்னுடையது என்றேன். அவர் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழு வருஷங்க. ஏழு வருஷமா அந்தப் பெக்டரில நின்னேன். மீட்டர்காரங்களக் கூப்பிடுங்க, கூப்பிடுங்கன்னு நான்தான் கத்திக்கிட்டுக் கெடந்தேன். அவங்க வந்து பாத்தா நான் பொய் சொல்லலன்னு வெளங்கிரும்னு நெனச்சேன்."

கிடாரத்தைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினார்.

"சரி, இப்ப எழுதிக் குடுத்தீங்களே ரிப்போட், அதுல என் மேல குத்தம் இல்லன்னு போட்டிருக்கா?"

"இல்லை அக்கா."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

மன்னிப்புக் கேட்க என்று வாய்வரை வந்தது. எனக்கு மனம் லேசாக வேண்டும் என்பதற்காகத்தான் நான் அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறேன் என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது.

"நான் ஒரு கடிதம் எழுதித் தாறன். நடந்ததை நடந்தபடி. கையெழுத்தும் வைக்கிறன்" என்றேன். பையிலிருந்து தாளை எடுத்து மதிலில் வைத்து எழுதத் தொடங்கினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"தமிழ்ல வேணாங்க" என்றார். "நான் ரெண்டு மாசம் தமிழ்லதான் எழுதினேன்."

எனக்குச் சிங்களம் பேச வருமே தவிர நன்றாக எழுத வராது. ஆங்கிலத்தில் எழுதினேன். வயர்ப் பிழையையும், அவர் அதை முதல் நாளே என்னிடம் சொன்னதையும், நான் அதைக் கேட்காமல் விட்டதையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, வாசித்துச் சொல்லச் சொன்னார். தமிழில் சொன்னேன். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த கிடாரத்தை இழுத்தார். நன்றி சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது?

அந்தக் கடிதத்தோடு தொழிற்சாலைக்குப் போனவரை முதல் நாள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவர் விடவில்லை. தொழில் திணைக்களத்துக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார். கடைசியில் தொழிற்சாலை ஒரு சேவைச் சான்றிதழ் கொடுத்தது. ஏழு வருடம் நன்றாக வேலை செய்தார், தானாக விலகினார் என்று. தானாக விலகினார்! வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கடிதத்தின் கதை எங்கள் முதலாளிக்கு எட்டியது. என்னைக் கூப்பிட்டு, நம்பினவன் காலை வாரிவிட்டாய் என்று கத்தினார். வெளி வேலையிலிருந்து நிறுத்தி ஒரு வருடம் களஞ்சியத்தில் உட்கார வைத்தார். எனக்கு நேர்ந்தது அவ்வளவுதான்.

சான்றிதழ் கிடைத்ததா என்று கேட்க ஒருமுறை போன் எடுத்தேன்.

"கெடச்சிச்சிங்க" என்றார். பிறகு, "இனிமே போன் எடுக்க வேணாங்க சேர்" என்று சொல்லி வைத்துவிட்டார். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

இப்போது நான் வேறு கொம்பனியில் இருக்கிறேன். எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும், கருவியைத் தொடுவதற்கு முன் அதன் பக்கத்தில் நிற்கும் ஆளிடம் போய், அவருடைய மொழியில், என்ன நடக்கிறது என்று கேட்கிறேன். அவர் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறேன். நல்ல எஞ்சினியர், பொறுமையான ஆள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். யாராவது அப்படிப் புகழும்போதெல்லாம், நான் இதைக் கற்றுக்கொள்வதற்காக ஒரு பெண் ஏழு வருட வேலையை இழந்தார் என்பதும், நான் திருந்தியதால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை என்பதும் நினைவுக்கு வந்து, அந்தப் பாராட்டு எனக்கு உரியதல்ல என்றே தோன்றுகிறது.